இலுப்பை வேருக்கடியில் கடாரம்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஆற அமரச் சொல்ல என்னால் ஆகாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம்ம கடாரத்து அரசர் ஒருவர், கடலுக்கு அந்தப் பக்கம் நாகப்பட்டினத்தில், புத்த பிக்குகளுக்காக ஒரு பெரும்பள்ளி எழுப்பினார். ராஜராஜ சோழன் அதற்கு ஓர் ஊரின் வருமானத்தையே எழுதிக் கொடுத்தார். பிறகு அந்தப் பள்ளி ஓய்ந்தது, பிக்குகள் போனார்கள், நிலம் கைமாறியது, மேலே வேறு ஆட்கள் வந்து வேறு காரியம் பார்த்தார்கள், எல்லாம் முடிந்த கதை என்று ஆனபிறகு, 1856-ல் அங்கே நின்ற ஒரு பெரிய இலுப்பை மரத்தடியைத் தோண்டியவர்களின் கருவி செங்கல்லில் போய் இடித்தது. அந்தச் செங்கல்லுக்குக் கீழே இருந்தவைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கின்றன!

நான் ரெங்கத்துக்காரன். ஜோகூரில், குளுவாங்குக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டிய சின்ன ஊர்; சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் தொல்லியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், "உட்காருங்க, சொல்றேன்" என்பதுதான். காப்பிக்கடையில் சொல்லிவிட்டேன், கோயில் திருவிழாவில் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிவிட்டேன், ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பெரியவருக்கு எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டார், இறங்கும்போது நாகப்பட்டினம் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் நான் இறங்க வேண்டிய ரெங்கத்தைக்கூட விட்டிருப்பேன், மனைவி கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்.

இப்போது நீங்கள் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். 1856. நாகப்பட்டினத்துக்கு வடக்கே, கடற்கரைக்குக் கிட்டே ஒரு வெளி. அதில் மூன்று அடுக்காக ஒரு செங்கல் கோபுரம், பாதி இடிந்து, உச்சி திறந்து, உள்ளே ஆகாயம் தெரிகிற மாதிரி நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதைப் புதுவெளிக் கோபுரம் என்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் சீனக் கோயில் என்கிறார்கள், சிலர் சமணக் கோயில் என்கிறார்கள், யாருக்கும் சரியாகத் தெரியாது. கப்பலில் வருகிற மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். தூரத்தில் அந்தக் கோபுரத்தைக் கண்டால் நாகை வந்துவிட்டது. சேசு சபைப் பாதிரியார்கள் அங்கே கல்லூரி நடத்துகிறார்கள். ஒரு பெரிய இலுப்பை மரம் இடைஞ்சலாக நிற்கிறது. வெட்டு, வேரோடு பெயர்! ஆட்கள் தோண்டுகிறார்கள், உப்புக் காற்று அடிக்கிறது, வேர் விட்டுக்கொடுக்கவில்லை, இன்னும் தோண்டு, இன்னும் தோண்டு, அப்போது செங்கல். சும்மா கிடக்கிற செங்கல் இல்லை, பார்த்துப் பார்த்து அடுக்கி மூடிய ஒரு சின்ன அறை. அதைப் பெயர்த்தால் உள்ளே ஐந்து சிலைகள். இலுப்பை அவ்வளவு பெரிதாக வளர எத்தனை தலைமுறை ஆகியிருக்கும், அத்தனை காலமும் அவை அந்த வேருக்கடியில் இருட்டில் காத்திருந்திருக்கின்றன. இதை நான் முதல்முதலில் படித்த ராத்திரி, எழுந்து வாசலுக்குப் போய் நின்று, திரும்ப உள்ளே வந்து, அதே பக்கத்தை மறுபடி படித்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிருந்தது.

அதோடு முடியவில்லை. அந்த ஐந்தில் ஆரம்பித்து, 1930கள் வரைக்கும், வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்திருக்கின்றன. மொத்தம் சுமார் 350 செப்புத் திருமேனிகள்! ஒரே ஊரில்! தமிழ்நாட்டில் பௌத்தம் என்று ஒன்று இருந்ததா என்று கேட்பவர்களுக்கு அந்த மண்ணே வாயைத் திறந்து பதில் சொன்னது.

சரி, அங்கே பள்ளி கட்டிய கடாரத்து அரசருக்கு வருவோம், ஏனென்றால் அவர்தான் எனக்கு முக்கியம். பெயர் சூளாமணிவர்மர். ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அதிபதி, சைலேந்திர வம்சம். அவர் தொடங்கிய விகாரத்தை மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் முடித்தார். சூளாமணி விகாரம்! பொன்னியின் செல்வன் படித்தவர்கள் இந்த இடத்தில் துள்ளியிருப்பீர்கள், தெரியும். காய்ச்சலில் கிடந்த அருள்மொழிவர்மனைப் படகில் கொண்டுவந்து சேர்க்கிறார்களே, அந்த விகாரமேதான். கல்கி எங்கள் தோட்டத்து வீடுகளுக்குள் எல்லாம் வந்தவர். என் அம்மா அந்தப் பகுதியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். செப்பேட்டுக் கணக்குப்படி விகாரம் கட்டப்பட்டது கதை நடக்கிற காலத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான், அதனால் என்ன, கல்கி அந்தப் பெயரை லட்சக்கணக்கான பேர் மனசில் நட்டுவிட்டுப் போனாரே, அது போதும்.

செப்பேடு என்றேன் இல்லையா, அதைச் சொல்லாமல் எப்படி மேலே போவது! ஆனைமங்கலச் செப்பேடுகள். இருபத்தொரு தகடுகள், சோழ முத்திரை பதித்த ஒரு பெரிய வளையத்தில் கோத்தவை, எடை முப்பது கிலோ பக்கம் வரும். சில தகடுகளில் சமஸ்கிருதம், மிச்சம் எல்லாம் தமிழ். ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1005, 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வரி வருமானம் இந்தப் பள்ளிக்கு என்று தீர்மானம். அதைச் செப்பில் வெட்டுவித்தவர் மகன் ராஜேந்திரன். தொண்ணூற்றேழு வேலிச் சொச்சம் நிலம், 8,900 கலத்துக்கு மேல் நெல். நான் கணக்குப் பிள்ளையாகவே காலம் தள்ளியவன். துண்டு நிலத்தையும் விடாமல் அளந்து, மரக்கால் குறுணி நாழி வரைக்கும் இறங்கி எழுதியிருக்கிற அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு வந்த மரியாதை இருக்கிறதே, சொல்லி மாளாது! எல்லை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? ஒரு பெண் யானையை நடத்திக்கொண்டு போவார்கள், அது சுற்றி வந்த வழிதான் எல்லை. வாய்க்கால் ஓரமாக ஒரு யானை அசைந்து அசைந்து போகிறது, பின்னால் நாட்டார்களும் ஊர்க் கணக்கர்களும் ஓலையோடு நடக்கிறார்கள், கள்ளியும் கல்லும் நட்டு அடையாளம் வைக்கிறார்கள், இவ்வளவும் கடாரத்து அரசர் கட்டுகிற ஒரு பௌத்தப் பள்ளிக்காக, ஒரு சிவபக்தச் சக்கரவர்த்தியின் ஆணையில்! நாகைக்குப் பக்கத்தில் இன்றும் ஆனைமங்கலம் அதே பெயரில் இருக்கிறது. செப்பேடுகள் டச்சுக்காரர்கள் காலத்தில் கடல் கடந்து, 1862-ல் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, அதனால்தான் உலகம் அவற்றை லைடன் செப்பேடுகள் என்கிறது.

இங்கே ஒரு சங்கதி. செப்பில் வெட்டுவித்த அதே ராஜேந்திரன்தான் 1025 வாக்கில் கப்பல்களை அனுப்பிக் கடாரத்தை வென்றார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் "கடாரம் கொண்டான்" என்று மனப்பாடம் செய்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவோம், கடாரம் என்பது நாம் உட்கார்ந்திருக்கிற இந்தத் தீபகற்பத்தில், வடக்கே கெடாவில் இருக்கிறது என்ற நினைப்பே அப்போது வராது. சண்டை நடந்ததே, அதோடு உறவு முடிந்துவிட்டதா? இல்லவே இல்லை! 1090-ல் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்து அரசரின் தூதர்கள் வந்து நின்று, எங்கள் பள்ளிக்குக் கொடுத்த நிலங்களின் வரி விலக்கை மறுபடி உறுதிசெய்து கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அது சின்ன லைடன் செப்பேடு, மூன்றே தகடு. போர் முடிந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், தாங்கள் அக்கரையில் கட்டிய ஒரு பள்ளியை மறக்காமல் ஆளனுப்பிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அந்தப் பாசம் எப்பேர்ப்பட்டது! அங்கே ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி என்று சோழர் பெயரிலேயே பள்ளிகள் இருந்தன என்பதையும் அந்தத் தகடுகள்தான் சொல்கின்றன. அதே ஊர்க் காயாரோகணேசுவரர் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள், ஸ்ரீவிஜய அரசரின் ஆட்கள் சிவனுக்கும் நகை கொடுத்திருக்கிறார்கள், சீனக் கனகம் என்று சீனத் தங்கத்தைக் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்கள். என்ன ஒரு துறைமுகம் அது!

அந்தத் துறைமுகம் வழியாகத்தான் என் தாத்தாவும் வந்தார். முப்பதுகளில், நாகப்பட்டினத்தில் டிப்போவில் தங்கவைத்து, பெயர் பதிந்து, ரஜூலா கப்பலில் ஏற்றி, பினாங்கில் இறக்கி, ஜெரெஜாக் தீவில் கொஞ்ச நாள் அடைத்துவைத்து, பிறகு ரயிலில் ரெங்கம். பால்மரம், மங்கு, காண்டா வாளி, லயத்து வீடு என்று ஆயுசு போனது. அவர் கப்பல் ஏறிய ஊரில், அவருக்குத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே, அவர் போய் இறங்கப்போகிற தேசத்து அரசர் ஒருவர் எழுப்பிய பள்ளியின் மண் இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! அவருக்கும் சேர்த்துத்தான் நான் இந்தக் குதி குதிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனேன். திருச்சியில் விமானம் இறங்கி, மனைவியோடு, முதல் காரியமாக மெயின்கார்டு கேட் பக்கம் ஆட்டோவில் போய் புனித வளனார் கல்லூரி வாசலில் நின்றேன். "என்னங்க, நாகப்பட்டினத்துக்குப் போறோம்னு சொல்லிட்டு இங்க எதுக்கு?" என்றார் அவர். இதுதான் அந்தக் கல்லூரி, அம்மா! 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு இடம் மாறி வந்த அதே கல்லூரி. 1867-ல் அந்த மூன்றடுக்குக் கோபுரத்தை இடித்துக் கற்களைக் கட்டடத்துக்கு எடுத்துக்கொள்ள அப்போதைய சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு அனுமதி கொடுத்தார், கோபுரம் போனது. அதை நினைத்தால் ஒரு சுருக்கென்ற வலி வரத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் 1846-லேயே அங்கே போய்ப் பார்த்து, செங்கற்கள் சாந்து இல்லாமலே நெருக்கிப் பொருத்தப்பட்டிருந்தன, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் வாசலோ சாளரமோ மாதிரித் திறப்பு இருந்தது என்று குறித்துவைத்தாரே வால்டர் எலியட், அந்த மனுஷருக்கு நான் எத்தனை முறை மனசுக்குள் கும்பிடு போட்டிருப்பேன்! அவர் 1878-ல் வெளியிட்ட கட்டுரையில் கோபுரத்தின் படமும் இருக்கிறது. நான் அதைப் பெரிதாக அச்செடுத்துச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன், வருகிற ஆட்களெல்லாம் இது எந்தக் கோயில் என்று கேட்கவேண்டும், நான் ஆரம்பிக்கவேண்டும், அதற்காகவே.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அந்தச் சேசு சபைக்காரர்களும் ஒரு காலத்தில் மூடப்பட்டவர்கள்தான். 1773-ல் போப்பாண்டவர் அவர்கள் சபையையே கலைத்தார், 1814-ல்தான் திரும்ப உயிர் வந்தது, அதற்கப்புறம் பிரெஞ்சுப் பாதிரியார்கள் மதுரை மிஷனுக்கு வந்தார்கள், அவர்களில் சிலர் நாகையில் வந்து அமர்ந்த இடம் அதற்கு முன்னமே ஓய்ந்துபோன வேறு துறவிகளின் இடம். துறவிகளின் நிலத்துக்கு உலகம் முழுக்க இப்படி ஒரு ராசி இருக்கிறது போல! எங்களுக்குப் பக்கத்தில் மலாக்காவில் செயிண்ட் பால் குன்று இருக்கிறதே, 1521-ல் போர்த்துகீசியர் எழுப்பிய சிற்றாலயம், பிறகு சேசு சபையார் கைக்கு வந்தது, 1641-ல் டச்சுக்காரர்கள் பிடித்தபிறகு அவர்கள் கோயிலாகி, அதற்கப்புறம் அவர்களுடைய பெரிய மனிதர்களைப் புதைக்கிற இடமாகி, வெள்ளைக்காரன் வந்து வெடிமருந்து போட்டுவைக்கும் கிடங்காக்கினான். பள்ளிக்கூட நாளில் எங்களை அங்கே பஸ்ஸில் கூட்டிப்போனார்கள், அந்தக் கல்லறைக் கற்களின்மேல் கையை வைத்துவிட்டு ஐஸ் கச்சாங் சாப்பிட ஓடிவிட்டோம், இன்று போனால் ஒரு நாள் பூராவும் அங்கேயே கிடப்பேன். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக் கதை இன்னும் ஒரு படி மேல். எட்டாம் ஹென்றி காலத்தில் 1538-ல் மூடிய சாம்பல் அங்கித் துறவிகள் மடம், மேலே தோட்டமாகி வீடுகளாகி கடைசியில் நகராட்சிக் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. 2012-ல் அந்தத் தாரைப் பெயர்த்து முதல் பள்ளம் வெட்டிய முதல் நாளே எலும்பு தட்டுப்பட்டது, பார்த்தால் 1485-ல் போர்க்களத்தில் செத்த மூன்றாம் ரிச்சர்ட் ராஜா! அந்த நிகழ்ச்சியை நான் தொலைக்காட்சியில் பார்த்தபோது நாற்காலியைவிட்டு எழுந்து கைதட்டினேன், அப்போது எனக்கு நாகப்பட்டினம் தெரியாது. தெரிந்திருந்தால் தெருவுக்கே ஓடியிருப்பேன், ஏனென்றால் நாகை அதைவிடப் பெரிசு! அங்கே ஒரு ராஜா கிடைத்தார், இங்கே நூற்றுக்கணக்கில் திருமேனிகள், அதுவும் பேர் எழுதிவைத்த திருமேனிகள்!

நாகப்பட்டினம் போய் இறங்கிய மறுநாள் காலையில் வெளிப்பாளையத்தில் நடந்தேன். நடந்தேன் என்றா சொல்வது, மிதந்தேன். சாதாரணத் தெருக்கள்தான். வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள், மீன்காரம்மா கூடையை இறக்கி விலை பேசிக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள், கடல் காற்றில் கருவாட்டு வாசனை. எந்தத் தூணும் இல்லை, எந்தக் கோபுரமும் இல்லை. ஆனால் எனக்கு ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உள்ளங்கால் கூசியது. கீழே என்ன இருக்குமோ! இந்த வீட்டு அடித்தளத்துக்கு அடியில்? அந்தக் கிணற்றடியில்? ஒரு வீட்டு வாசலில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள், நான் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன், வீட்டுப் பெரியவர் வெளியே வந்து, "என்ன தம்பி, ஏதும் விழுந்துடுச்சா?" என்று கேட்டார். அறுபது தாண்டிய என்னைத் தம்பி என்றதில் ஒரு மகிழ்ச்சி, விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததில் ரெட்டை மகிழ்ச்சி. "ஆமாம், எங்க அப்பா சொல்லுவாங்க, இந்தப் பக்கம் சாமி கிடைக்கும்னு" என்றார். திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். மலேசியாவில் எந்த ஊர் என்று கேட்டார், ரெங்கம் என்றேன், அவருடைய பெரியப்பா ஒருவர் ஜோகூர்ப் பக்கம் போனவராம், கடிதம் நின்றுவிட்டதாம். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பேசிக்கொண்டிருந்தோம், என் மனைவி தோட்டத்துப் பழைய ஆட்களிடம் விசாரித்துப் பார்க்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

பிறகு சென்னை, எழும்பூர் அரசு அருங்காட்சியகம். இங்கேதான் நான் முழுசாக விழுந்தேன்!

வெண்கலக் காட்சிக்கூடத்துக்குள் போகிறவர்கள் எல்லாரும் திருவாலங்காட்டு நடராஜரையும் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் தேடித்தான் போவார்கள், போகவேண்டியதுதான், நானும் நின்று கும்பிட்டேன். ஆனால் என் கால் நிற்கவில்லை. நாகப்பட்டினத்துப் புத்தர்கள் எங்கே, எங்கே என்று கண்ணாடிப் பெட்டி கண்ணாடிப் பெட்டியாகப் பார்த்துக்கொண்டே ஓடுகிறேன், அருங்காட்சியகக் காவலர் மெதுவாக என்று கையைக் காட்டுகிறார், இதோ! இதோ இருக்கிறார்கள்! கற்பனை செய்து பாருங்கள், நீங்கள் மாதக்கணக்கில் படத்தில் மட்டும் பார்த்துப் பேசிப் புலம்பிக்கொண்டிருந்த முகங்கள், ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உங்கள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குகிற தூரத்தில்! நிறையப் பேர் சின்னவர்கள், சிலர் சாண் உயரம்கூட இல்லை, ஆனால் அந்த அழகைப் பாருங்கள், தலையில் சுருள் சுருளாக முடி, அதன் உச்சியிலிருந்து ஒரு தீச்சுடர் கிளம்புகிறது, ஜுவாலை, அதுதான் நாகப்பட்டினத்து முத்திரை, ஒரு தடவை கண்டுவிட்டால் உலகத்தில் எந்த மூலையில் பார்த்தாலும் இது நம்ம ஊர் என்று சொல்லிவிடலாம்; வலக்கை அஞ்சாதே என்கிறது, மேலாடை உடம்போடு ஒட்டி ஓரத்தில் மட்டும் மடிப்பாக இறங்குகிறது, ஒன்றில் புத்தர் மரத்தடியில் உட்கார்ந்திருக்க இரண்டு பக்கமும் நாகராஜாக்கள் படமெடுத்த தலையோடு நின்று சாமரம் வீசுகிறார்கள், தேன்மெழுகில் உருப்பிடித்து, களிமண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வழியவிட்டு, அந்த வெற்றிடத்தில் செம்பைக் காய்ச்சி ஊற்றிய நம்ம சோழநாட்டு வார்ப்புக்காரனின் கை அந்த மரத்தின் ஒவ்வோர் இலையிலும் தெரிகிறது, அவன் காலையில் நடராஜரை வார்த்திருப்பான், சாயங்காலம் புத்தரை வார்த்திருப்பான், இரண்டுக்கும் ஒரே சிரத்தை! மண்ணுக்குள் கிடந்த பச்சைக் களிம்பு சிலவற்றில் மடிப்புகளுக்கிடையே இன்னும் இருக்கிறது. பீடங்களில் எழுத்து இருக்கிறது, தமிழ் எழுத்து, யாருடைய திருமேனி என்று பெயர் வெட்டிவைத்திருக்கிறார்கள், நம்மை மாதிரி வீட்டில் பூஜை செய்தவர்கள், சம்பாதித்த காசில் ஒரு சின்னப் புத்தர் செய்து கொடுத்தவர்கள். நாகப்பட்டினத்தில் கிடைத்த ஒரு புத்தர் பீடத்தில், ராஜேந்திர சோழப் பெரும்பள்ளியில் இருந்த அக்கசாலைப் பெரும்பள்ளிக்குத் திருவிழாவில் எழுந்தருள்வதற்கான திருமேனி இது என்றே வெட்டியிருக்கிறது! அக்கசாலை, பொற்கொல்லர்களின் பள்ளி. நினைத்துப் பாருங்கள், நாகப்பட்டினத்து வீதியில், மேளம் கொட்ட, பூ மாலை சாத்தி, தீவட்டி வெளிச்சத்தில் புத்தர் உலா வருகிறார், தட்டார்கள் பல்லக்குத் தூக்குகிறார்கள், கடாரத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த கப்பல்காரர்கள் ஓரமாக நின்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், ரெங்கத்தில் எங்கள் மாரியம்மன் தேர் வரும்போது சீனர்கள் ஊதுபத்தி கொளுத்தி நிற்பார்களே, அதே காட்சி! எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை, பக்கத்தில் வந்த ஒரு கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டு, "பாப்பா, இதைக் கட்டினது எங்க ஊர் ராஜா" என்று சொல்லிவிட்டேன், அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, "எந்த ஊர் அங்கிள்?" என்று கேட்டு நான் சொன்னதை எல்லாம் நின்று கேட்டது. கூட வந்திருந்த அத்தை மகன், "மச்சான், வாங்க, டிராபிக் ஆயிடும்" என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் எங்கே வருவது!

இந்த இடத்தில் டி. என். ராமச்சந்திரனைச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். 1954-ல் அவர் எழுதி அருங்காட்சியகம் வெளியிட்ட புத்தகம்தான் இந்தத் திருமேனிகளுக்கெல்லாம் ஜாதகம். எங்கே கிடைத்தது, எவ்வளவு உயரம், பீடத்தில் என்ன எழுத்து, எல்லாம் ஒவ்வொன்றாக. என்னை உலுக்கிய சேதி அதில்தான் வருகிறது: இந்தச் சிலைகள் எல்லாம் ஒரே காலத்தவை இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிப் பதினேழாம் நூற்றாண்டு வரைக்கும் போகின்றன! சோழர் போய், பாண்டியர் போய், விஜயநகரம் போய், போர்த்துகீசியர் வந்து, 1658-ல் டச்சுக்காரர்கள் நாகையைப் பிடித்த நூற்றாண்டிலும் அங்கே யாரோ புத்தருக்குச் சிலை செய்திருக்கிறார்கள். ஓர் அரசன் ஆணையில் ஒரே நாளில் பூட்டுப் போட்ட கதை இல்லை இது. இங்கே அணைந்தது மெல்ல மெல்ல, ஒவ்வொரு விளக்காக.

அதற்கு வெளிநாட்டுச் சாட்சிகள் வேறு இருக்கிறார்கள். வாங் தாயுவான் என்ற சீனப் பயணி பதினான்காம் நூற்றாண்டில் எழுதிவைத்தார்: அங்கே ஒரு மண் கோபுரம் இருக்கிறது, அதில் சீன எழுத்தில் 1267-க்கு நேரான ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது என்று. அடுத்தது பர்மாக்காரர்கள். 1476-ல் பெகு அரசர் தம்மசேதி இலங்கைக்கு அனுப்பிய பிக்குகளில் சிலர் திரும்பும்போது கப்பல் உடைந்து, கரையேறி, நடந்து நாகப்பட்டினம் வந்து சேர்கிறார்கள். அங்கே பதரிகாராமம் என்ற விகாரம் இருந்த இடத்தைப் பார்க்கிறார்கள், சீன அரசர் செய்வித்த குகையில் இருந்த புத்தரைக் கும்பிடுகிறார்கள். கல்யாணிக் கல்வெட்டு சொல்கிற சேதி இது. உடைகள் கிழிந்து, பசியோடு, தெரியாத கரையில் நடந்துவந்த அந்தப் பிக்குகளுக்கு அங்கே தங்கள் புத்தரைக் கண்டபோது எப்படி இருந்திருக்கும்! விகாரம் "இருந்த இடம்" ஆகிவிட்டிருந்தாலும் கும்பிட ஒரு புத்தர் இருந்தார். பிறகு ஏதோ ஒரு நாளில் யாரோ சில பேர் குழி வெட்டி, செங்கல் அடுக்கி, உள்ளே தங்கள் திருமேனிகளை வைத்து மூடியிருக்கிறார்கள். தூக்கி எறிந்தவர்கள் செங்கல் அடுக்கமாட்டார்கள். திரும்ப வந்து எடுக்கலாம் என்ற எண்ணத்தில் பத்திரமாக வைத்த கைகள் அவை, எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

அந்தத் திருமேனிகளில் சில இன்று லண்டனில், சில நியூயார்க்கில், கொல்கத்தாவில், கொழும்பில். எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும், நானும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிடத்தான் போகிறேன்! அதற்கு முன்னால் கெடாவுக்கு. லெம்பா பூஜாங்கில், மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டி, புக்கிட் பத்து பஹாட் சண்டி, அதாவது பழங்காலக் கோயில், இருக்கிறது. 1930களில் குவாரிச் வேல்ஸ் தோண்டிய பள்ளத்தாக்கு அது. சூளாமணிவர்மரின் பக்கத்துக் கரை. 2013-ல் அங்கே ஒரு பழைய சண்டியை நில மேம்பாட்டுக்கு என்று இடித்துத் தள்ளினார்கள் என்று செய்தி வந்தபோது எனக்கு 1867 ஞாபகம் வந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், மிச்சம் இருப்பதையாவது நம்ம பிள்ளைகள் கண்ணால் பார்க்கவேண்டும். ரெங்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில் ஒரு பஸ் பிடிக்கலாம் என்று ஆசிரியர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், டீசல் காசு தருவதாகக் காப்பிக்கடைக் கூட்டாளிகள் சொல்லியிருக்கிறார்கள், எலியட்டின் படத்தைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக அச்செடுத்தும் வைத்துவிட்டேன்.

நீங்கள் சென்னைக்குப் போனால், கல்யாணத்துக்கோ புடவை வாங்கவோ எதற்குப் போனாலும் சரி, எழும்பூருக்கு ஒரு அரைநாள் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் வருவதற்கு முன்னால். முகத்தைப் பார்த்து முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள், கொஞ்சம் குனிந்து பீடத்தைப் பாருங்கள், கைப்பேசி விளக்கை அடிக்காதீர்கள், அனுமதிக்கமாட்டார்கள், கண்ணைப் பழக்குங்கள், எழுத்து மெல்ல மெல்லத் தெரியும். ஒரு எழுத்துப் பிடிபட்டாலும் எனக்குச் சொல்லியனுப்புங்கள், ரெங்கத்தில் எந்தக் காப்பிக்கடையில் விசாரித்தாலும் என்னைக் காட்டுவார்கள்.